பூவின் முழு உருவம்: கல்லச்சு ஓவியம் முதல் குவிய அடுக்குப் படம் வரை

குவிய அடுக்கு முறை என்பது, அசையாமல் வைக்கப்பட்ட ஒரு பொருளைக் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களாக எடுத்து, ஒவ்வொரு படத்திலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் கணினியின் உதவியால் ஒன்றுசேர்த்து, முன்பகுதி முதல் பின்பகுதி வரை தெளிவான ஒரே படமாக ஆக்கும் ஒளிப்பட முறையாகும். தோட்டத்துப் பூக்களை அறைக்குள் வைத்துப் படமெடுப்போர் இம்முறையை இன்று பரவலாகக் கையாளுகின்றனர்.

இம்முறை கணினிக் காலத்தைச் சேர்ந்தது. ஆனால் இதன் அடிப்படை எண்ணம் பழையது. ஒரு பூவின் எல்லா உறுப்புகளையும் ஒரே பார்வையில் தெளிவாகக் காண இயலாது. பல பார்வைகளைத் தொகுத்தே அதன் முழு உருவத்தைப் பெற முடியும். இதை 19ஆம் நூற்றாண்டின் தென்னிந்தியத் தாவர ஓவியர்கள் தூரிகை கொண்டு செய்து காட்டினர். ஒளிப்படம் வந்தபோது அந்தத் திறன் ஒரு வகையில் கைநழுவிப் போயிற்று. அது மீண்டும் கைக்கு வந்த வரலாற்றையும், அந்த வரலாற்றில் தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியின் இடத்தையும் இக்கட்டுரை கூறுகிறது.

பள்ளத்தாக்கும் அதன் பூக்களும்

மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம் மூன்று பக்கம் மலைகளால் சூழப்பட்டது. வடக்கே பழனி மலைகள், மேற்கே ஏலமலைத் தொடர், தென்கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடர்கள் ஆகியவற்றுக்கு நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் நிலப்பரப்பே கம்பம் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இப்பள்ளத்தாக்கின் முக்கிய ஊர்கள்.

நெல், வாழை, திராட்சை ஆகியவற்றோடு பூ வேளாண்மையும் இங்கு வாழ்வாதாரமாக உள்ளது. சின்னமனூரை அடுத்த சீலையம்பட்டியில் பூச்சந்தை உள்ளது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் மாவட்டங்களுள் தேனியும் ஒன்று. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இயங்குகிறது.

தரையில் மல்லிகையும் செவ்வந்தியும் சம்பங்கியும் பயிராக, மலை மேலே முற்றிலும் வேறான பூக்கள் உள்ளன. போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைப் பகுதியில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. மேகமலைக் காடுகளில் காசித்தும்பை இனங்களும் ஆர்க்கிட் இனங்களும் வளர்கின்றன. ஆக, சந்தைப் பூவும் காட்டுப் பூவும் சில மணி நேரப் பயண தூரத்திற்குள் இருக்கும் பகுதி இது. பூவைப் பதிவு செய்வது பற்றிய கேள்விகள் அனைத்தும் இங்கே ஒன்றுசேர்ந்து எழுகின்றன.

தூரிகையும் கல்லச்சும்

பழனி மலைகளுக்கு ஐரோப்பியர் ஏறிய தொடக்ககால வழிகள் பெரியகுளம், தேவதானப்பட்டிப் பக்கமிருந்தே சென்றன. 1821இல் நில அளவையாளர் வார்டு வெள்ளகவி வழியாக மலையேறினார். 1834இல் ஆங்கிலேய அதிகாரிகள் இருவர் தேவதானப்பட்டியிலிருந்து மேலே சென்றனர். 1836இல் மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் இம்மலைகளுக்குச் சென்று, அங்கு கண்ட தாவரங்களைப் பற்றிய குறிப்புகளை அடுத்த ஆண்டு சென்னையில் வெளியான ஆய்விதழில் எழுதினார். வராககிரி என்ற பழைய பெயரும் அவரது கட்டுரைத் தலைப்பில் இடம்பெற்றது.

ஸ்காட்லாந்தில் 1796இல் பிறந்த வைட், 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களோடு வெளியிடுவதை வாழ்நாள் பணியாகக் கொண்டார். அவரது பெருநூலான 'இக்கோன்ஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் உள்ள படத்தட்டுகள் 2,101. குறிஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த பல செடிகளும் அவற்றுள் அடங்கும்.

இப்படங்களுக்குரிய ஓவியங்களை வரைந்தவர்களுள் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு இந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையாவும், 1840களின் நடுப்பகுதி முதல் கோவிந்துவும் வைட்டிடம் பணியாற்றினர். இவர்கள் தெலுங்கு பேசும் மரபினர் என்றும், தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடையவர்கள் என்றும் கருதப்படுகிறது. இவர்களது ஓவியங்கள் கல்லில் வரையப்பட்டு அச்சேறின. கல்லச்சு முறையை வைட் தாமே கற்றுக்கொண்டு கையாண்டார்.

ஒரு தாவர ஓவியத் தட்டின் அமைப்பைக் கவனித்தால் அதன் நுட்பம் விளங்கும். பக்கத்தின் நடுவில் இலையும் பூவும் கொண்ட ஒரு கிளை இருக்கும். அதன் அடியில், பெரிதாக்கப்பட்ட உறுப்புகள் தனித்தனியே வரிசையாக இருக்கும்: விரித்துக் காட்டிய அல்லிவட்டம், மகரந்தத்தாள், சூலகம், சூலகத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம், விதை. ஓவியர் முதலில் கிளையை வெறுங்கண்ணால் பார்த்து வரைவார். பிறகு பூவைப் பிரித்து, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்து வரைவார். கண் ஒவ்வொரு முறையும் ஒரு தூரத்திற்கே குவியும். ஆனால் கை, அந்தப் பார்வைகள் அனைத்தையும் ஒரே தாளில் தெளிவாக இறக்கி வைத்துவிடும். முன்னிதழ் தெளிவாகவும் பின்னிதழ் மங்கலாகவும் உள்ள தாவர ஓவியத்தை இந்நூல்களில் காண முடியாது.

இதற்கு விலையாகச் செலவானது காலம். 15 ஆண்டுகளில் 2,101 தட்டுகள் என்றால், சராசரியாக ஆண்டுக்கு 140 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் செடியைத் தேடிப் பிடித்து, வாடுவதற்குள் வரைந்து, கல்லில் ஏற்றி, அச்சிட வேண்டும்.

உலர்ந்த பூவின் குறை

ஓவியத்திற்கு இணையாக வளர்ந்த மற்றொரு பதிவு முறை உலர்தாவரகம். செடியைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டி, சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்பது இம்முறை. 1917இல் பிளாட்டர், ஹால்பெர்க் ஆகிய தாவரவியலாளர்கள் அக்காலத்தில் 'ஹை வேவி' மலைகள் என அழைக்கப்பட்ட மேகமலையில் செடிகளைச் சேகரித்தனர். செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவியர் பழனி மலைகளின் தாவரங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்தனர்.

பின்னாளில் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் ராப்பினட் உலர்தாவரகத்தை 1967இல் நிறுவிய கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுத் தாவரங்களை நூல்வடிவில் தொகுத்தார். பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிய அவரது பெருந்தொகுப்பு 1999இல் வெளியானது. அதற்கு முன்பே, 1996இல், அம்மலைத் தாவரங்களின் கோட்டோவியங்கள் தனி நூலாக வெளிவந்தன. ஒளிப்படக் கருவிகள் மலிந்துவிட்ட 1990களிலும் ஒரு தாவரவியலாளர் கோட்டோவியத்தையே நாடினார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

உலர்தாவரத் தாள் அறிவியலுக்கு இன்றியமையாதது. எனினும் அதில் பூவின் வடிவம் தட்டையாகிவிடும், நிறம் பழுப்பாகிவிடும். காசித்தும்பைப் பூக்கள் மிக மென்மையானவை என்பதால் அழுத்தும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிடும். நீலம் எந்த அளவு நீலம், குழல் எந்தப் பக்கம் வளைந்தது, மகரந்தத்தாள் எந்தக் கோணத்தில் நின்றது என்பவற்றை உயிருள்ள பூதான் சொல்லும். அந்த உயிர்த் தோற்றத்தைப் பிடித்து வைக்க ஒளிப்படம் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நெடுங்காலம் அது போதவில்லை.

ஒளிப்படத்தின் வரவு

ஒளியால் தாவரத்தைப் பதிவு செய்யும் முயற்சி ஒளிப்படக் கலையின் பிறப்போடு தொடங்கியது. இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளை நீலஅச்சுத் தாளில் நேரடியாக வைத்து வெயிலில் காட்டி அவற்றின் உருவங்களைப் பதித்தார். அதில் லென்ஸ் இல்லை. பாசி தாளோடு ஒட்டிக் கிடந்ததால் உருவம் தெளிவாக விழுந்தது. பூவை அப்படிப் பதிக்க முடியாது; பூவுக்கு ஆழம் உண்டு.

சென்னையில் 1856இல் ஒளிப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையின் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் படமெடுத்தார். கம்பம் பள்ளத்தாக்கு அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. அக்காலக் கருவிகளுக்கு நீண்ட நேர ஒளிபடுதல் தேவைப்பட்டது. கல் கோபுரம் அசையாமல் நின்றது. மரத்து இலையோ காற்றில் அசைந்து கலங்கலாகப் பதிந்தது. தொடக்ககால ஒளிப்படக்காரர்கள் கட்டடங்களை மிகுதியாக நாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

செடிகளை அறைக்குள் கொண்டுவந்து பெரிதாக்கிப் படமெடுத்தவர்களுள் புகழ்பெற்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட். அவரது படத்தொகுப்பு 1928இல் வெளியானது. மொட்டு, சுருண்ட பெரணித் தளிர், தண்டு ஆகியவற்றைப் பலமடங்கு பெரிதாக்கி, வெறுமையான பின்னணியில் காட்டினார். அவர் பெரும்பாலும் செடியைக் கருவிக்குப் பக்கவாட்டில், ஒரே தளத்தில் அமையுமாறு வைத்தார். ஆழம் மிக்க பூவை முன்னிருந்து பார்ப்பதைவிட, தளமாக அமையும் உறுப்பைப் பக்கத்திலிருந்து பார்ப்பது லென்சுக்கு எளிது. கருவியின் வரம்பு எதைப் படமெடுப்பது என்பதையே தீர்மானித்தது எனலாம்.

புல ஆழம் என்னும் தடை

லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ள தளத்தை மட்டுமே மிகத் தெளிவாகக் காட்டும். அத்தளத்திற்குச் சற்று முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும் பகுதி புல ஆழம் எனப்படும். தொலைவில் உள்ள மலையைப் படமெடுக்கும்போது புல ஆழம் பல மீட்டர், ஏன், கிலோமீட்டர் கணக்கில்கூட இருக்கும். பொருளை நெருங்க நெருங்க அது சுருங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட உணரியில், ஒரு மல்லிகைப் பூவை அதன் இயற்கை அளவிலேயே பதிப்பதாகக் கொள்வோம். லென்ஸ் துளை எஃப் 8 என்றால், வழக்கமான கணக்கின்படி புல ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. பூவின் முன்னிதழிலிருந்து குழலின் அடிவரை சுமார் 20 மி.மீ. இருக்கலாம். அதாவது ஒரு படத்தில் பூவின் ஆழத்தில் இருபதில் ஒரு பங்குதான் தெளிவாக விழும்.

துளையைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடும் என்பது உண்மை. எஃப் 22இல் அது 2.6 மி.மீ. அளவுக்கு உயரும். ஆனால் அங்கே இயற்பியல் வேறு வழியில் குறுக்கிடுகிறது. சிறு துளை வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் பரவுகிறது. இயற்கை அளவுப் படத்தில் எஃப் 22 என்பது உண்மையில் எஃப் 44 போலச் செயல்படும். அப்போது ஒரு புள்ளி, உணரியில் ஏறத்தாழ 0.06 மி.மீ. அகலமுள்ள வட்டமாக விரிந்துவிடும். தெளிவானது என ஏற்கும் அளவு 0.03 மி.மீ. மட்டுமே. ஆழத்தைக் கூட்டப் போனால் படம் முழுவதும் மங்கும். மங்கலைத் தவிர்த்தால் ஆழம் குறையும். எவ்வளவு விலை உயர்ந்த லென்சாலும் இந்த முரணைக் கடக்க முடியாது.

ரங்கையாவின் கைக்கு இந்தத் தடை இல்லை. ஒவ்வொரு தூரத்திற்கும் கண்ணை மாற்றிக் குவித்து அவர் வரைந்தார். ஒளிப்படமோ ஒரு நொடியில் ஒரு குவியத்தை மட்டும் பதித்தது. மேத்யூவின் காலம்வரை தாவர நூல்களில் கோட்டோவியம் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுக்கும் முறையின் தோற்றம்

தடையை மீறும் முதல் முயற்சிகள் நுண்ணோக்கித் துறையில் தோன்றின. 1964இல் மெக்லாக்லன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழியை வெளியிட்டார். மெல்லிய தகடு போன்ற ஒளிக்கற்றையை லென்சின் குவியத் தளத்தில் மட்டும் விழச்செய்து, பொருளை அந்த ஒளியின் ஊடே மெல்ல நகர்த்துவது அந்த வழி. ஒளி பட்ட பகுதி மட்டுமே படச்சுருளில் பதியும். அப்பகுதி எப்போதும் குவியத்தில் இருக்கும். பொருள் முழுவதும் நகர்ந்து முடிந்ததும் முழுத் தெளிவான படம் கிடைக்கும். கணினி இல்லாமலே நடந்த குவிய அடுக்கு இது.

1983இல் கணினி வழிகள் வெளிவந்தன. அவ்வாண்டில் பீப்பர், கோர்ப்பல் ஆகிய இருவர், வெவ்வேறு குவியத்தில் எடுத்த படங்களிலிருந்து தெளிவான புள்ளிகளைத் தேர்ந்து சேர்க்கும் முறையை விளக்கினர். அதே ஆண்டில் பர்ட், அடெல்சன் ஆகியோர் ஒரு படத்தைப் பருமையான விவரம் முதல் நுண்ணிய விவரம் வரை பல படிகளாகப் பிரித்து, படி படியாக ஒட்டும் பிரமிடு முறையை வெளியிட்டனர். ஒட்டு தெரியாமல் இரு படங்களை இணைக்க இது உதவியது. இன்றைய அடுக்கு மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே இந்த எண்ணங்களே வேலை செய்கின்றன.

மென்பொருள் தெளிவைக் கண்டறியும் வழி எளிமையானது. மங்கலான பகுதியில் அடுத்தடுத்த புள்ளிகளின் ஒளி அளவு மெல்ல மாறும். தெளிவான விளிம்பில் அது சட்டென மாறும். ஒவ்வோர் இடத்திலும் எந்தப் படத்தில் மாற்றம் மிகக் கூர்மையாக உள்ளதோ, அந்தப் படத்திலிருந்து அந்த இடம் எடுத்துக்கொள்ளப்படும்.

எண்முறைக் கேமராக்கள் பரவியபின் இம்முறை ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. ஆலன் ஹேட்லி உருவாக்கிய 'கம்பைன் இசட்' இலவசமாகக் கிடைத்தது. உக்ரைன் நாட்டில் உருவான 'ஹெலிகான் ஃபோகஸ்', அமெரிக்காவின் 'செரீன் ஸ்டேக்கர்' ஆகியவை பெயர் பெற்றன. 2008இல் வெளியான 'ஃபோட்டோஷாப் சிஎஸ்4' பதிப்பில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. குவியத்தைத் தானே நகர்த்தித் தொடர் படங்களை எடுக்கும் வசதி 2015இல் ஒலிம்பஸ் கேமராவிலும், 2017இல் நிக்கான் டி850 கேமராவிலும் வந்தது.

அறைக்குள் ஒரு பூ

இம்முறைக்கு அடிப்படைத் தேவை அசைவின்மை. கம்பம் பள்ளத்தாக்கில் அது எளிதன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கணவாய்களின் வழியே காற்று பலமாக வீசும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இக்காற்றை நம்பியே. பல விநாடிகள் நீடிக்கும் படத்தொடருக்குத் தோட்டத்துச் செடி ஒத்துழைக்காது. பூவை அறைக்குள் கொண்டுவருவதற்கு முதற்காரணம் இதுவே.

அறையில் தேவைப்படுபவை சில: உறுதியான முக்காலி, மேக்ரோ லென்ஸ், கேமராவையோ பூவையோ நுண்ணளவில் நகர்த்தும் திருகுத் தண்டவாளம், சூடு தராத எல்இடி விளக்குகள், ஒளியை மென்மையாக்க வெள்ளைத் துணி அல்லது ட்ரேசிங் தாள், பின்னணிக்குக் கறுப்பு வெல்வெட் அல்லது சாம்பல் அட்டை. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பூக்காம்பை நீருக்குள் வைத்து வெட்டி, சிறு நீர்க்குப்பியில் செருகினால் வாட்டம் தள்ளிப்போகும்.

மேலே கண்ட மல்லிகையை எஃப் 8இல் எடுப்பதானால், புல ஆழமான 1 மி.மீ.ஐ விடச் சற்றுக் குறைவாக, 0.7 மி.மீ. இடைவெளியில் நகர்த்த வேண்டும். அடுத்தடுத்த படங்களின் தெளிவுப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவது அவசியம். 20 மி.மீ. ஆழத்திற்கு ஏறத்தாழ 30 படங்கள் தேவைப்படும். ஒளியும் நிறச் சமன்பாடும் எல்லாப் படங்களிலும் மாறாமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பூவும் தனக்கென ஒரு கால அட்டவணை வைத்திருக்கிறது. மல்லிகை மாலையில் விரியத் தொடங்கும். விரிந்துகொண்டிருக்கும் பூவை அடுக்கினால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே இதழ் நகர்ந்திருக்கும். சேர்த்த படத்தில் இதழின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். மொட்டு நிலையிலோ நன்றாக விரிந்து முடிந்த பின்போ எடுப்பதே முறை. செம்பருத்திக்குப் பொதுவாக ஒரு நாள் வாழ்வு. காலையில் பறித்ததைத் தாமதமின்றி எடுத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பூவின் பாகங்களைக் கற்பிக்கப் பயன்படும் செம்பருத்தி, குவிய அடுக்கின் பயனை விளக்கவும் ஏற்ற பூ. அதன் மகரந்தத்தாள்கள் ஒரு கற்றையாக இணைந்து, சூல்தண்டைச் சூழ்ந்த நீண்ட குழலாக வெளியே நீண்டிருக்கும். நுனியில் ஐந்து சூல்முடிகள் இருக்கும். முன்னிருந்து எடுக்கும் ஒற்றைப் படத்தில் சூல்முடி தெளிந்தால் இதழின் அடியிலுள்ள கருஞ்சிவப்பு மங்கும். அது தெளிந்தால் சூல்முடி மங்கும். அடுக்கிய படத்தில் இரண்டும் ஒருங்கே தெரியும்.

மாநில மலரான செங்காந்தள் இன்னும் கடினமானது. ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலெழ, ஆறு மகரந்தத்தாள்கள் சக்கரத்தின் ஆரங்கள் போல் சுற்றிலும் விரிந்திருக்க, சூல்தண்டு ஏறத்தாழச் செங்கோணத்தில் ஒரு பக்கம் வளைந்திருக்கும். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் சில உறுப்புகள் அருகிலும் சில தொலைவிலும் அமையும். அதன் அமைப்பை ஒரே படத்தில் மாணவர்க்குக் காட்ட ஒன்று ஓவியம் வேண்டும், அல்லது குவிய அடுக்கு வேண்டும்.

தொகுப்பும் உண்மையும்

அடுக்கிய படம் ஒரு கணத்தின் பதிவன்று; பல கணங்களின் தொகுப்பு. அதனால் சில பிழைகள் அதற்கே உரியவை. முன்னிற்கும் மகரந்தத்தாளின் ஓரத்தில் ஒளிவட்டம் போன்ற மங்கல் சூழலாம். ஒன்றையொன்று கடக்கும் இரு மயிரிழைகளில் பின்னுள்ளது அறுந்ததுபோல் தோன்றலாம். குவியம் நகரும்போது உருவத்தின் அளவும் சற்று மாறுவதால், மென்பொருள் அளவுகளைச் சரிசெய்து பொருத்துகிறது. அந்தப் பொருத்தத்தில் தவறு நேர்ந்தால் இல்லாத உறுப்பு இருப்பதுபோலவும் காட்டக்கூடும்.

அலங்காரப் படத்தில் இவை சிறு குறைகள். தாவரத்தை அடையாளம் காணப் பயன்படும் படத்தில் இவை பெருங்குறைகள். மகரந்தத்தாளில் மயிர் உண்டா, இல்லையா என்பதே சில இனங்களைப் பிரித்தறியும் அடையாளமாக இருக்கும். ஆகவே பதிவுக்காக எடுப்போர் மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருப்பதும், எத்தனை படங்கள் அடுக்கப்பட்டன, இடைவெளி எவ்வளவு, பூவின் அருகே வைத்த அளவுகோல் என்ன, எங்கே, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பவற்றைக் குறித்து வைப்பதும் நன்று. உலர்தாவரத் தாளின் குறிப்புச் சீட்டு செய்யும் வேலையை இக்குறிப்பு செய்கிறது. குறிப்பில்லாத படம் அழகாக இருக்கலாம், சான்றாக நிற்காது.

அறைக்குள் வர இயலாத பூ

அறைக்குள் எடுக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. பூவைப் பறிக்க வேண்டும். தோட்டத்துப் பூவுக்கு இதில் தடையில்லை. மேகமலைக் காடுகள் 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கும். அங்கே செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். நீலக்குறிஞ்சியும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நீலக்குறிஞ்சி 1838 முதல் 2018 வரை 12 ஆண்டு இடைவெளியில் 16 முறை பூத்ததாகக் கணக்கு உண்டு. 1838 என்பது வைட்டின் பெருநூல் வெளிவரத் தொடங்கிய ஆண்டும்கூட. 2006இலும் 2018இலும் கொழுக்குமலையிலும் மூணாறுப் பகுதியிலும் பூத்தபோது ஏராளமான படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை மலைச்சரிவு நீலமாகத் தோன்றும் தொலைக்காட்சிகள். மணி போன்ற அதன் குழலுக்குள் மகரந்தத்தாள்கள் அமைந்திருக்கும் விதத்தைக் காட்டும் படத்திற்குச் செடி நிற்கும் இடத்திலேயே, காற்று அடங்கும் விடியற்பொழுதில், தண்டைத் தொடாமல், சில விநாடிகளில் முடியும் விரைவுத் தொடராக எடுக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு உரிய இடம் தோட்டமும் அறையும். செம்பருத்தியில் நூறு முறை பழகிய கை, குறிஞ்சியின் முன் தடுமாறாது.

ஓவியனின் பெயர்

வைட் தம் நூலின் இறுதித் தொகுதியில், 1853இல், ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் 'கோவிந்தூயா' எனப் பெயரிட்டார். தம் ஓவியரான கோவிந்துவைச் சிறப்பிக்கவே அப்பெயர். ஓர் இந்திய ஓவியரின் பெயர் தாவரவியலின் இலத்தீனப் பெயர் வரிசையில் ஏறியது அக்காலத்தில் அரிய நிகழ்வு. பின்னர் அப்பேரினம் 'ட்ரோபிடியா' என்ற பேரினத்தோடு இணைக்கப்பட்டதால், கோவிந்துவின் பெயர் இன்று இணைப்பெயர்ப் பட்டியலில் மட்டுமே உள்ளது. 2000களில் எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்டி, ரங்கையா, கோவிந்து ஆகியோரின் ஓவியங்களைத் தொகுத்து நூல்களாக வெளியிட்ட பிறகே அவர்களது பணி பரவலாக அறியப்பட்டது.

இன்று பூவின் படங்கள் இணையத்தில் இலட்சக்கணக்கில் உலவுகின்றன. பெரும்பாலானவற்றில் எடுத்தவர் பெயர் இல்லை, எடுத்த இடம் இல்லை, நாள் இல்லை. தூரிகையால் பல பார்வைகளைத் தொகுத்தவர்களின் பெயர் ஒன்றரை நூற்றாண்டு மறைந்து கிடந்தது. கணினியால் தொகுப்போர் தம் பெயரையும் ஊரையும் நாளையும் படத்தோடு சேர்த்து வைப்பது, அந்தக் குறை மீண்டும் நேராமல் இருக்கச் செய்யக்கூடிய எளிய செயல். கணக்குப்படி நீலக்குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டிய ஆண்டு 2030. அதற்குள் முறையாகப் பழகிய, முறையாகக் குறிப்பெழுதத் தெரிந்த கைகள் கம்பம் பள்ளத்தாக்கில் சில இருந்தாலும் போதும். அப்பூவின் முழு உருவம் அதை எடுத்தவர் பெயரோடு பதிவாகிவிடும்.